கோஷா வீட்டுக்குள் ஒரு துப்பறிவாளர்: சுஜாதா மாஸியின் 'மலபார் ஹில்லின் விதவைகள்'

சுஜாதா மாஸி எழுதிய 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்' 2018ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சோஹோ பிரஸ் வெளியீடாக வந்த ஆங்கில நாவல். அதே ஆண்டில் இந்தியாவில் பெங்குவின் நிறுவனம் இதனை 'எ மர்டர் ஆன் மலபார் ஹில்' என்ற தலைப்பில் வெளியிட்டது. 1921ஆம் ஆண்டின் பம்பாயில், தந்தையின் சட்ட அலுவலகத்தில் பணிபுரியும் பெர்வீன் மிஸ்திரி என்ற இருபத்துமூன்று வயதுப் பார்சிப் பெண், கோஷா கடைப்பிடிக்கும் மூன்று முஸ்லிம் விதவைகளின் சொத்து விவகாரத்தைக் கவனிக்கப் போய், ஒரு கொலையை எதிர்கொள்வதே கதை. வரலாற்றுத் துப்பறியும் நாவல்களுக்கென ஆங்கில உலகில் வழங்கப்படும் அகதா விருது, லெஃப்டி விருது, மெகாவிட்டி விருது ஆகியவற்றோடு மேரி ஹிக்கின்ஸ் கிளார்க் விருதையும் இந்நாவல் பெற்றது.

பெயரைப் பார்த்துத் தமிழ் வாசகர்கள் நமது சுஜாதாவை நினைத்துக்கொள்வது இயல்பு. இருவருக்கும் தொடர்பில்லை. ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. நமது சுஜாதாவின் கணேஷும் வசந்த்தும் வழக்கறிஞர்கள். மாஸியின் பெர்வீனும் சட்டம் படித்தவள். கட்சிக்காரரின் பத்திரத்தைப் படிக்கப் போன இடத்தில் பிணம் கிடக்கும் என்பது இரு எழுத்தாளர்களுக்கும் பொதுவான கதைத் தொடக்கம். அதற்குப் பிறகு பாதைகள் பிரிகின்றன. கணேஷுக்கு எந்தக் கதவும் திறக்கும். பெர்வீனுக்கு நீதிமன்றத்தின் கதவு மூடியிருக்கிறது; ஆண்கள் எவரும் நுழையமுடியாத வேறொரு கதவு திறந்திருக்கிறது. இந்த முரணே நாவலின் மையம்.

ஆசிரியர்

சுஜாதா மாஸி 1964இல் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் பிறந்தவர். தந்தை இந்தியர், தாய் ஜெர்மானியர். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தது. மினசோட்டா மாநிலத்தில் வளர்ந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பால்டிமோர் நகரின் ஈவ்னிங் சன் நாளிதழில் செய்தியாளராகப் பணியாற்றினார். பின்னர் ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தவள் ரெய் ஷிமுரா என்ற ஜப்பானிய அமெரிக்கப் பெண். தொல்பொருள் வியாபாரியான அவள் துப்பறியும் முதல் நாவல் 'தி சேலரிமேன்ஸ் ஒய்ஃப்' 1997இல் வெளிவந்து, சிறந்த முதல் நாவலுக்கான அகதா விருதைப் பெற்றது. அத்தொடர் பத்துக்கும் மேற்பட்ட நாவல்களாக நீண்டது. 2013இல் வங்காளத்தின் கடைசிக் காலனிய ஆண்டுகளைக் களமாகக் கொண்ட 'தி ஸ்லீப்பிங் டிக்‌ஷனரி' என்ற வரலாற்று நாவலை எழுதினார். துப்பறியும் கதை ஒருபுறம், காலனிய இந்தியா மறுபுறம் என்று தனித்தனியே எழுதிவந்த இரண்டும் பெர்வீன் மிஸ்திரியில் வந்து சேர்ந்தன.

வகைமையில் இதன் இடம்

வரலாற்றுத் துப்பறியும் நாவல் என்ற வகை ஆங்கிலத்தில் நன்கு வேரூன்றியது. அகதா கிறிஸ்டி 1944இலேயே பண்டைய எகிப்தில் நிகழும் 'டெத் கம்ஸ் அஸ் தி எண்ட்' நாவலை எழுதியிருந்தார். எல்லிஸ் பீட்டர்ஸ் 1977 முதல் எழுதிய பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி கேட்ஃபீலின் கதைகளும், 1980இல் வெளிவந்த உம்பர்ட்டோ ஈக்கோவின் 'ரோஜாவின் பெயர்' நாவலும் இவ்வகைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித்தந்தன. இதற்குள் பெண் துப்பறிவாளர்களுக்கென ஒரு தனி வரிசை இருக்கிறது. எலிசபெத் பீட்டர்ஸ் 1975இல் படைத்த அமீலியா பீபடி, விக்டோரியா காலத்தில் எகிப்துக்குப் போகும் ஆங்கிலேயப் பெண். பீட்டர் ட்ரெமெய்னின் சகோதரி ஃபிடெல்மா, ஏழாம் நூற்றாண்டு அயர்லாந்தின் கன்னியாஸ்திரீ; சட்டம் கற்றவள். பெர்வீனுக்கு நெருங்கிய உறவினள் இந்த ஃபிடெல்மாதான் எனலாம்.

அமெச்சூர் துப்பறிவாளர் என்பவர் காவல்துறையிலும் இல்லாதவர், கட்டணம் வாங்கிக்கொண்டு துப்பறிவதைத் தொழிலாகவும் கொள்ளாதவர். அப்படிப்பட்டவர் ஏன் கொலை விசாரணைக்குள் மூக்கை நுழைக்கவேண்டும் என்பது இவ்வகைக் கதைகள் அனைத்தும் பதில்சொல்லியாகவேண்டிய கேள்வி. பெரும்பாலான நாவல்கள் தற்செயலைத் துணைக்கழைக்கும். அல்லது நாயகியின் ஆர்வக்கோளாறைக் காரணம்காட்டும். மாஸி சொல்லும் காரணம் உறுதியானது. இந்த வீட்டில் இந்தப் பெண்களிடம் பேச வேறு யாராலும் முடியாது.

கதை

உமர் ஃபரீத் என்ற மில் முதலாளி மூன்று மனைவியரையும் குழந்தைகளையும் விட்டு இறந்துபோகிறார். ரஸியா, சகீனா, மும்தாஜ் என்ற அம்மூவரும் மலபார் ஹில் பங்களாவின் பெண்கள் பகுதியிலேயே வாழ்பவர்கள். அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். கணவர் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் அனுஷ்டிக்கும் இத்தா காலத்திலும் இருக்கிறார்கள். வீட்டு நிர்வாகம் முழுவதும் ஃபைசல் முக்ரி என்ற காரியஸ்தரின் கையில்.

மூன்று விதவைகளும் தங்களுக்குரிய சொத்தைக் குடும்ப வக்ஃபுக்கு விட்டுக்கொடுப்பதாகக் கடிதம் வருகிறது. ஜம்ஷெட்ஜி மிஸ்திரிக்கு அது சாதாரணக் கடிதம். மகள் பெர்வீன்தான் நின்று நிதானிக்கிறாள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் இவர்கள் எதைக்கொண்டு சீவிப்பார்கள்? மூவரில் ஒருத்தி கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி ஒன்றைப் போட்டிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் இந்தக் கடிதத்தை எப்படிப் படித்திருப்பாள்? யார் படித்துக்காட்டினார்கள்? உள்ளதை உள்ளபடி படித்துக்காட்டினார்களா?

பெர்வீன் நேரில் போகிறாள். மூவரையும் தனித்தனியே சந்திக்கிறாள். ஒவ்வொருத்தியின் மஹரும் வெவ்வேறு என்பதும், ஒருத்திக்குத் தெரிந்தது மற்றவளுக்குத் தெரியாது என்பதும் மெல்ல வெளிப்படுகின்றன. ஒரே கூரையின்கீழ் வாழும் மூன்று பெண்களிடையே எத்தனை சுவர்கள் இருக்கமுடியும் என்பதை இந்தச் சந்திப்புகள் காட்டுகின்றன. விரைவிலேயே அவ்வீட்டுக்குள் முக்ரி கொலையுண்டு கிடக்கிறார். காவல்துறை வருகிறது. ஆனால் விசாரிக்கவேண்டிய சாட்சிகளோ, வேலைப்பாடமைந்த ஜாலித் திரைக்குப் பின்னால் இருக்கிறார்கள். கொலையாளி யார் என்பதை இங்கே சொல்வது முறையாகாது. கதவுகளும் திரைகளும், யார் எங்கே இருக்கலாம் என்ற வழக்கங்களும் அந்த விடைக்கு வழிகாட்டுகின்றன என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்கு இணையாக இன்னொரு கதை ஓடுகிறது. 1916இல் பெர்வீன் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் ஆண் மாணவர்கள் நடுவே தனியொரு பெண்ணாகப் படித்து, அவர்களது தொல்லை தாங்காமல் அவதிப்படுகிறாள். அந்த வேளையில் கல்கத்தாவிலிருந்து வந்த சைரஸ் சோடாவாலா என்ற இளைஞனைக் காதலித்து மணக்கிறாள். கல்கத்தாவில் மாமியார் வீடு வேறு உலகம். மாதவிலக்கு நாட்களில் மருமகள் தனியறையில் அடைபட்டுக் கிடக்கவேண்டும். பெர்வீனின் பிறந்தவீட்டில் கைவிடப்பட்ட பழைய வழக்கம் அது. 'வீட்டுக்குத் தூரம்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த அறையின் நாற்றத்தையும் வெறுமையையும் இவ்வளவு அருகிலிருந்து எழுதிய துப்பறியும் நாவல்கள் குறைவு. கணவனிடமிருந்து அவளுக்கு நோய் தொற்றுகிறது, அடியும் விழுகிறது. அவள் தப்பிப் பம்பாய் திரும்புகிறாள். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஹில்டா கல்லூரியில் சட்டம் படிக்கிறாள். அங்கே தோழியான ஆலிஸ் ஹாப்சன்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் 1921இல் பம்பாய் வந்துசேர்கிறாள். அவளது தந்தை அரசாங்கத்தின் உயர் அதிகாரி. அவர்களது பங்களாவும் மலபார் ஹில்லிலேயே இருக்கிறது.

நிஜ வாழ்வின் முன்மாதிரிகள்

பெர்வீனுக்கு இரண்டு முன்மாதிரிகள் உண்டு. முதலாமவர் கார்னிலியா சொராப்ஜி. 1866இல் நாசிக்கில் பிறந்தவர். தந்தை கிறிஸ்தவத்துக்கு மாறிய பார்சி. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி. தேர்வில் சிறந்து விளங்கியும், பெண் என்பதால் இங்கிலாந்து செல்வதற்கான அரசு உதவித்தொகை மறுக்கப்பட்டது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் உள்ளிட்டோர் நிதி திரட்டி உதவ, 1889இல் ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரிக்குச் சென்றார். 1892இல் சட்டத்தின் உயர் பட்டத் தேர்வை எழுதிய முதல் பெண் அவர். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியதே 1920இல்தான். படித்து முடித்தவருக்குப் பட்டமும் இல்லை, வழக்காடும் உரிமையும் இல்லை.

இந்தியா திரும்பிய சொராப்ஜி தமக்கென ஒரு வேலையைத் தாமே கண்டெடுத்தார். ஜமீன் குடும்பங்களிலும் சமஸ்தானங்களிலும் கோஷாவில் வாழ்ந்த விதவைகளுக்குப் பெரும் சொத்து இருந்தது. ஆனால் வழக்கறிஞரும் நீதிபதியும் ஆண்களாக இருந்தபடியால், இப்பெண்கள் தங்கள் குறையை நேரில் சொல்ல வழியில்லை. இடையில் நின்ற காரியஸ்தரோ உறவினரோ சொல்வதே பேச்சு, காட்டுவதே பத்திரம். இதைச் சுட்டிக்காட்டிப் பல ஆண்டுகள் அரசுக்கு எழுதியபின், 1904இல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் துறைக்குப் பெண் உதவியாளராக நியமனம் பெற்றார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள், நூற்றுக்கணக்கான பெண்களுக்காகவும் அநாதைக் குழந்தைகளுக்காகவும் வீடுவீடாகச் சென்று பணியாற்றினார். 1954இல் லண்டனில் காலமானார்.

இரண்டாமவர் மிதன் டாட்டா. 1919இல் இந்தியப் பெண்களின் வாக்குரிமைக்காகச் சாட்சி சொல்லத் தாயாருடன் லண்டன் சென்றவர், அங்கேயே தங்கிச் சட்டம் பயின்றார். 1923இல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முதல் பெண் பாரிஸ்டர். திருமணத்துக்குப் பின் மிதன் லாம் என்று அறியப்பட்ட இவர், பார்சித் திருமணச் சட்டத்தைத் திருத்தும் பணியிலும் பங்கெடுத்தார் என்பது இந்நாவலைப் படிப்பவர் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி.

கோஷா என்ற சொல் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை இன்றும் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கிறார்கள். ஆண் மருத்துவரிடம் வரமாட்டாத பெண்களுக்காக, மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால் 1885இல் தோன்றியது அது. பெண்களை மறைத்துவைத்த அதே வழக்கம், பெண் மருத்துவர் வேண்டும் என்ற தேவையையும் உண்டாக்கியது. சொராப்ஜி இதே வாதத்தைச் சட்டத்துறைக்குக் கொண்டுவந்தார். மாஸி அதைத் துப்பறியும் கதைக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

சட்டமே தடயம்

இந்நாவலில் தடயங்கள் பெரும்பாலும் காகிதங்களில் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ளச் சில சட்டச் செய்திகள் உதவும்.

முதலாவது, மஹர். திருமணத்தின்போது மணமகன் மணமகளுக்குத் தரவேண்டியது. ஒரு பகுதி உடனே கொடுக்கப்படலாம். மறுபகுதி கணவன் இறந்தாலோ மணமுறிவு ஏற்பட்டாலோ வந்துசேரும். அது அவளது தனிச்சொத்து. கணவனின் ஆஸ்தியிலிருந்து பெறவேண்டிய கடன் போன்றது. ஃபரீத் வீட்டு விதவைகள் எதை இழக்கவிருக்கிறார்கள் என்பதன் முழுக் கனமும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, கோஷாப் பெண்கள் எழுதித்தரும் பத்திரங்கள் குறித்து அக்கால நீதிமன்றங்கள் கைக்கொண்ட நெறி. அப்படிப்பட்ட பத்திரத்தால் பயனடைபவரே, அப்பெண் அதன் பொருளை விளங்கிக்கொண்டு, தன் விருப்பத்தோடு கையொப்பமிட்டாள் என்று நிரூபிக்கவேண்டும். பிரிவி கவுன்சில் பல தீர்ப்புகளில் இதை வலியுறுத்தியது. எனவே அந்தப் பெருக்கல் குறியைக் கண்டு பெர்வீனுக்கு எழும் ஐயம் வெறும் உள்ளுணர்வல்ல. நல்ல வழக்கறிஞர் எவருக்கும் எழவேண்டிய ஐயம்.

மூன்றாவது, 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு. வழக்கப்படி பொதுவெளியில் வராத பெண்கள் நீதிமன்றத்தில் நேரில் தோன்றவேண்டியதில்லை என்று அது விலக்களித்தது. மரியாதைக்காகத் தரப்பட்ட இந்த விலக்கு நடைமுறையில் என்ன செய்தது? சாட்சி சொல்லவேண்டியவள் நீதிபதியின் கண்ணில் படவே மாட்டாள். அவளுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையில் எப்போதும் வேறொருவர் நிற்பார். அந்த இடத்தில் நிற்பவரின் கையில்தான் எல்லா அதிகாரமும். முக்ரி அங்கே நின்றார். பெர்வீனும் அங்கேதான் போய் நிற்கிறாள். நாவல் முழுவதும் இந்த ஓர் இடத்துக்கான போட்டி என்றுகூடச் சொல்லலாம்.

நான்காவது, 1865ஆம் ஆண்டின் பார்சித் திருமண, மணமுறிவுச் சட்டம். நாவலின் கல்கத்தாப் பகுதி இதன்மீது நிற்கிறது. மனைவி பிறன்மனை நாடினாள் என்பது மட்டுமே கணவன் மணமுறிவு பெறப் போதுமானது. மனைவிக்கு அப்படியல்ல. கணவனின் கூடா ஒழுக்கத்தோடு கொடுமையோ, கைவிட்டுப் போனதோ, இரண்டாம் திருமணமோ சேர்ந்திருக்கவேண்டும். அவன் விலைமாதரிடம் போனது கூடா ஒழுக்கக் கணக்கிலேயே சேராது. கொடுமை மட்டும் இருந்தால் சேர்ந்து வாழாதிருக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். திருமணம் அப்படியே நீடிக்கும். தீர்ப்புச் சொல்வதில் நீதிபதியோடு சமூகத்தைச் சேர்ந்த பிரதிநிதிகளும் ஜூரிகளாக அமர்வார்கள். இச்சட்டம் மாறி, இருபாலாருக்கும் ஏறக்குறைய ஒரே நிலை வந்தது 1936இல்.

பெர்வீனுக்குக் கிடைத்தது பிரிந்துவாழும் அனுமதி மட்டுமே. ஆகவே 1921இலும் அவள் சட்டப்படி சைரஸின் மனைவி. மறுமணம் கிடையாது. இன்னொருவரை விரும்பினால் குற்றம் அவள்மேல் விழும். கதைப்படி 1936 வரும்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டாகியிருக்கும். வாசகருக்கு இந்தக் கணக்கு தெரியும், அவளுக்குத் தெரியாது.

இரு கதைகளும் சேருமிடம்

இரண்டு காலங்களையும் மாற்றிமாற்றிச் சொல்வதால் துப்பறியும் கதையின் வேகம் தடைப்படுகிறது என்று சில வாசகர்கள் குறைப்படக்கூடும். கொலை நடந்து ஆவல் ஏறும்போது ஐந்தாண்டு பின்னே இழுக்கப்படுவது சலிப்பூட்டலாம். ஆனால் கல்கத்தாக் கதையை எடுத்துவிட்டால் பெர்வீன் வெறும் புத்திசாலியாகிவிடுவாள். அடைத்துவைக்கப்பட்ட அறையில் தானே கிடந்தவள் என்பதால், விதவைகள் சொல்லாமல் விடுவதை அவளால் கேட்கமுடிகிறது. படித்த, வசதியுள்ள, காதலித்து மணந்த ஒரு பெண்ணும் அவ்வறைக்குள் போகமுடியும் என்பதை அவள் அறிந்திருக்கிறாள். எனவே மூன்று விதவைகளையும் அறியாத பேதைகள் என்று அவள் நினைப்பதில்லை.

அதேசமயம் கோஷாவைச் சிறை என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் நாவல் மறுக்கிறது. மூவரில் எல்லோரும் வெளியே வரத் துடிப்பவர்கள் அல்லர். திரைக்குப் பின்னால் இருப்பது தங்கள் குலப்பெருமை என்று கருதுபவர்களும் உண்டு. அவர்கள் திரையைக் கிழிக்கவேண்டும் என்று பெர்வீன் உபதேசம் செய்வதில்லை. உங்களுக்கு என்ன இருக்கிறது, எதில் கையொப்பமிடுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்பதே அவள் சொல்வது. வழக்கறிஞரின் எல்லை அதுதான். அந்த எல்லையை உணர்ந்து எழுதியிருப்பது ஆசிரியரின் நிதானத்தைக் காட்டுகிறது.

குறைகள்

காலக்கணக்கில் ஆசிரியர் கொஞ்சம் சலுகை எடுத்துக்கொண்டிருக்கிறார். 1921இன் தொடக்கத்தில் பம்பாயில் ஒரு பெண் சொலிசிட்டராகப் பணிபுரிவது நடைமுறையில் கடினம். இங்கிலாந்திலேயே முதல் பெண் சொலிசிட்டரான கேரி மாரிசன் 1922இல்தான் அந்தத் தகுதியைப் பெற்றார். கல்கத்தாவில் ரெஜினா குகாவின் விண்ணப்பத்தை உயர்நீதிமன்றம் 1916இல் நிராகரித்திருந்தது. அலகாபாத் உயர்நீதிமன்றம் சொராப்ஜியை ஏற்றுக்கொண்டது 1921இல். நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 1923இல். பெர்வீன் இரண்டு ஆண்டு முந்திப் பிறந்துவிட்டாள் எனலாம். அவள் நீதிமன்றத்தில் வாதாடாமல், அலுவலகப் பணிகளோடு நின்றுகொள்வதாக அமைத்து ஆசிரியர் இதைச் சரிக்கட்டுகிறார்.

பெர்வீனின் சிந்தனை சிற்சில இடங்களில் நம் காலத்துப் பெண்ணின் சிந்தனையாக ஒலிக்கிறது. மதம், சாதி, பாலின விருப்பம் எல்லாவற்றிலும் அவள் எப்போதும் சரியான பக்கத்திலேயே நிற்கிறாள். நிஜ சொராப்ஜி இதைவிடச் சிக்கலானவர். பெண்களுக்காக உழைத்தவர், அரசியலில் பிரிட்டிஷ் ஆட்சியின் உறுதியான ஆதரவாளர். காந்தியின் இயக்கத்தை எதிர்த்தவர். அந்த முரண்பாட்டை ஏற்றுக்கொண்டிருந்தால் பெர்வீன் இன்னும் ஆழமான பாத்திரமாகியிருப்பாள்.

இந்தியப் பழக்கவழக்கங்களை உரையாடலுக்குள் நுழைத்து மேலைநாட்டு வாசகருக்கு விளக்கும் இடங்கள் நமக்குச் சற்று நீளமாகத் தோன்றும். பார்சி உணவு வகைகளின் பட்டியலும் அவ்வாறே. என்றாலும் பம்பாய் நகரம் நன்றாக வந்திருக்கிறது. கோட்டைப் பகுதியின் புரூஸ் தெருவில், இன்றைய ஹோமி மோடி தெருவில், தாத்தா கட்டிய மிஸ்திரி ஹவுஸ். குடும்பம் புதிதாகக் குடியேறிய தாதர் பார்சி காலனி. செல்வந்தரும் வெள்ளை அதிகாரிகளும் அருகருகே வாழும் மலபார் ஹில் என்று ஒவ்வொரு இடத்துக்கும் கதையில் வேலை இருக்கிறது.

தொடரும் நாவல்கள்

இத்தொடரில் 2023 வரை அடுத்து வந்தவை மூன்று. 'தி சாதாப்பூர் மூன்ஸ்டோன்' 2019இல் வெளிவந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு கற்பனைச் சமஸ்தானத்தில், கோஷாவில் இருக்கும் இரு மகாராணிகளுக்கிடையே இளவரசனின் கல்வி குறித்து எழும் சச்சரவைத் தீர்க்கப் பெர்வீன் அனுப்பப்படுகிறாள். சொராப்ஜியின் உண்மைப் பணிக்கு மிக நெருங்கிய கதை இது. 2021இல் வந்த 'தி பாம்பே பிரின்ஸ்', 1921 நவம்பரில் வேல்ஸ் இளவரசர் பம்பாய் வந்தபோது வெடித்த கலவரத்தைப் பின்னணியாகக் கொண்டது. அக்கலவரத்தில் பார்சிகளும் தாக்கப்பட்டார்கள் என்பது வரலாறு. 2023இல் வந்த 'தி மிஸ்ட்ரஸ் ஆஃப் பாட்டியா ஹவுஸ்' கருக்கலைப்புக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் ஆயாவின் வழக்கைப் பேசுகிறது. ஒவ்வொரு நாவலிலும் ஒரு சட்டம், அதனால் பேச்சிழந்த ஒரு பெண், அவள் இருக்கும் இடத்துக்குப் போகக்கூடிய பெர்வீன் என்ற அமைப்பு தொடர்கிறது.

தமிழ்ச் சூழலில்

தமிழில் பெண் துப்பறிவாளர்கள் இல்லாமல் இல்லை. ராஜேஷ்குமாரின் ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா, சுபாவின் வைஜயந்தி ஆகியோர் வாசகர்கள் நன்கறிந்தவர்கள். ஆனால் இவர்கள் விவேக்குக்கும் பரத்துக்கும் நரேந்திரனுக்கும் இணையாக வருபவர்கள். வரலாறும் துப்பறிதலும் கலந்த முயற்சியும் உண்டு. சுஜாதா தமது 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யில் கணேஷையும் வசந்த்தையும் ராஜராஜன் காலத்துக்கு ஏறத்தாழ அப்படியே கொண்டுபோனார். அங்கும் இருவரும் ஆண்கள். களமும் அரசியல் சூழ்ச்சி.

நமது வரலாற்று நாவல்கள் பெரும்பாலும் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஆதாரமாகக் கொண்டன. அரண்மனையும் போர்க்களமும் அவற்றின் களங்கள். மாஸி ஆதாரமாகக் கொண்டிருப்பவை சட்டப் பிரிவுகள், சொத்துப் பத்திரங்கள், ஒரு பெண் வழக்கறிஞரின் வாழ்க்கை. சென்னை உயர்நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளிலும், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் நீதிமன்றங்களின் ஏடுகளிலும் இதுபோன்ற எத்தனையோ பெண்களின் கைநாட்டுகள் கிடக்கின்றன. நிலம், நகை, சீதனம், மறுமணம், குழந்தையின் உரிமை என்று அவர்கள் வழக்காடியவை ஏராளம். வாசிக்கத் தெரிந்த கண்ணுக்கு அவையெல்லாம் கதைகள்தான்.

துப்பறியும் நாவல் கடைசிப் பக்கத்தில் ஒழுங்கை மீட்டுத்தரும் என்பது அவ்வகையின் பழைய உடன்பாடு. இந்நாவலிலும் கொலைக்கு விடை கிடைக்கிறது. விதவைகளின் சொத்துக்கும் ஒரு வழி பிறக்கிறது. பெர்வீனின் திருமணம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவளுக்கு இழைக்கப்பட்டதில் புதிர் ஏதுமில்லை. செய்தவன் யாரென்று தெரியும், சாட்சியும் உண்டு, எல்லாம் நீதிமன்றத்தில் பதிவும் ஆகிவிட்டது. அதைத் தீர்க்கத் துப்பறிவாளர் போதாது, சட்டம் மாறவேண்டும். அதற்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. பத்திரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப்போகும் பெர்வீனை வாசகர் மறக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.